ஊராட்சி அலுவலகம் வரை வந்த இணையம், வீடு வரை ஏன் வரவில்லை?

ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பச்சை விளக்கு எரிந்தால், அந்த ஊருக்கு இணையம் வந்துவிட்டதாக அரசுக் கணக்கில் ஏறிவிடும். ஆனால் பக்கத்துத் தெருவில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் மாணவிக்கு இன்றும் செல்போன் டவரே கதி. ஊர்வரை வந்த கம்பி வீட்டுக்குள் நுழையாததற்குத் தொழில்நுட்பம், பணம், பழக்கம் என மூன்று காரணங்கள் உண்டு.

கம்பி எப்படி வருகிறது?

நாட்டின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. பின்னர் அதன் பெயர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. இங்கே பெரும்பகுதிக் கம்பி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. பணம் எங்கிருந்து வருகிறது? தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமச் சேவைக்கென அரசு நிதிக்குச் செலுத்துகின்றன. ஆக, நாம் செய்யும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு.

ஏன் அடிக்கடி அறுகிறது?

முதல் கட்டத்தில் ஒன்றியத் தலைமையிடத்தில் இருந்து கம்பி நேர்க்கோடாக ஊர் ஊராகப் போனது. சாலை அகலப்படுத்தவோ குடிநீர்க் குழாய் பதிக்கவோ வந்த ஜேசிபி ஓரிடத்தில் கம்பியை அறுத்தால், அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் எல்லாவற்றுக்கும் லைன் போய்விடும். தலைமுடி போன்ற அந்த மெல்லிய இழையைச் சும்மா முறுக்கி ஒட்ட முடியாது. இரு முனைகளையும் நேர்ப்படுத்தி, உருக்கி இணைக்கத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். கம்பி போட ஒப்பந்தம் இருந்தது. அதைப் பல ஆண்டு பராமரிக்கப் போதிய ஏற்பாடு இல்லை.

இதைச் சரிசெய்யத்தான் 2023 ஆகஸ்டில் ரூ.1.39 லட்சம் கோடியில் திருத்திய திட்டம் வந்தது. இனிக் கம்பி வளையமாகப் போகும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக இணைப்பு கிடைக்கும். பத்தாண்டுப் பராமரிப்புச் செலவும் 1.5 கோடி கிராம வீடுகளுக்கு இணைப்பு தரும் இலக்கும் இதில் அடக்கம். வீட்டுக்குக் கம்பி இழுக்கும் வேலை உள்ளூர்க் கேபிள்காரர் போன்றவர்களுக்கு, வருவாயில் பங்கு தரும் முறையில் போகிறது. பழுதென்றால் வீடு தேடி வருபவரும் அவர்தான்.

கையில் போன் யாருடையது?

கம்பி வீட்டுக்குள் வந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் இணையம் வந்ததாகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கிராமப்புறப் பெண்களில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் 24.6 சதவீதம்தான், கிராமப்புற ஆண்களில் 48.7 சதவீதம். பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது கணவர் சட்டைப் பையிலோ, பிள்ளை கையிலோ இருக்கும்.

இந்த நிலையில் அரசுச் சேவைகள் செயலிக்குள் போனதால் சிக்கல் கூடியது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செயலியில் படமெடுத்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமானது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் வெயிலில் மண் அள்ளியவரின் அன்றைய கூலி, படம் ஏறுமா ஏறாதா என்பதில் தொங்கியது. சேவையை இணையத்துக்கு மாற்றும்போது, இணையம் வேலை செய்யாத நாளுக்குக் காகித வழி ஒன்றும் இருந்தாக வேண்டும்.

புதுச்சேரி காட்டிய வழி

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து எடுத்த அலை உயரக் கணிப்பைத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினியைத் தொடாதவரும் அதைக் கேட்டுக் கடலுக்குப் போகலாமா என்று முடிவெடுத்தார். 2004 சுனாமியன்று, சிங்கப்பூரில் இருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்தார் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்ததால் பல உயிர்கள் தப்பின. அன்று இணைய வேகம் குறைவு. ஆனால் வந்த தகவலை ஊர்மொழியில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

இன்றும் தேவை அந்த ஆள்தான். இ-சேவை மையத்திலோ, நூலகத்திலோ, மகளிர் சுயஉதவிக் குழுவிலோ மாதச் சம்பளத்துடன் ஒருவர் இருந்தால், ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதில் தொடங்கி ஓய்வூதிய விண்ணப்பம் வரை கற்றுத்தர முடியும்.

என்ன கேட்கலாம்?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. எத்தனை கிலோமீட்டர் கம்பி போட்டார்கள் என்று அங்கே கேட்டுப் பயனில்லை. பள்ளி, அங்கன்வாடி, சுகாதார நிலையத்துக்கு இணைப்பு உண்டா? எத்தனை வீடுகள் மாதந்தோறும் பயன்படுத்துகின்றன? லைன் அறுந்தால் யாரை அழைப்பது, எத்தனை நாளில் சரியாகும்? இந்தப் பதில்கள் தீர்மானப் புத்தகத்தில் ஏறினால், அடுத்த கூட்டத்தில் அதைக் காட்டியே கணக்குக் கேட்கலாம்.