ஆற அமர

எங்கள் மாடி வீட்டுப் பெண் சாயங்காலம் ஆறரைக்கு வேலையிலிருந்து வருவாள். ஸ்கூட்டரை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திச் சாவியை எடுப்பாள். ஆனால் இறங்க மாட்டாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். போன் பைக்குள்ளேயே கிடக்கும். பிறகு எழுந்து, ஒன்றும் நடக்காதது போல மாடியேறிவிடுவாள்.

போன வாரம் மழை தூறியது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம். என் மனைவி இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளே ஆரம்பித்தாள். "சார், வீட்டுக்கு வரவே பிடிக்கலையான்னு அத்தை கேக்குறாங்க. அப்படியெல்லாம் இல்ல சார். நேரா மேல போனா, பையன் பென்சில் கேட்டாக்கூட எரிஞ்சு விழுறேன். இங்க கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போனா பரவாயில்ல. இது ஏதாவது கோளாறா சார்?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவள் கணக்கெழுதும் பெண், காரணம் சொன்னால்தான் வரவு வைப்பாள். பேச்சு இரண்டாவது டீ வரை நீண்டது.

நம் வீடுகளில் ஒருவர் சும்மா தனியே உட்கார்ந்தால் போதும், "என்ன, ஒரு மாதிரியா இருக்கே?" என்று கேட்டுவிடுவோம். தனிமை என்ற சொல்லிலேயே பாதி சோகம் ஏறிக் கிடக்கிறது. மற்றவர்கள் விட்டுப்போனதால் வந்ததும் தனிமைதான், நாமே கதவைச் சாத்திக்கொண்டதும் தனிமைதான். ஏகாந்தம் என்றாலோ சாமியார் நினைவுக்கு வருகிறார். இரண்டுக்கும் நடுவே ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருக்கிற தனிமைக்கு நம்மிடம் தனிப் பேர் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறது? தூய்-வி நுயென் என்ற உளவியல் ஆய்வாளரும், அவருடன் ரிச்சர்ட் ரயன், எட்வர்ட் டெசி என்ற பேராசிரியர்களும் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களைப் பதினைந்து நிமிடம் தனியே உட்காரவைத்து, முன்னும் பின்னும் மனநிலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எரிச்சல், பதற்றம் போன்ற சூடான உணர்ச்சிகள் இறங்கியிருந்தன. வேடிக்கை என்னவென்றால், உற்சாகமும் பரபரப்பும்கூட இறங்கியிருந்தன. கூட இன்னொருவர் இருந்தபோது இந்த இறக்கம் வரவில்லை. தனியே இருப்பது சந்தோஷத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் என்று விற்கிறவர்களை நம்பாமல் இருக்க இது ஒன்று போதும். அது சூட்டைத்தான் இறக்குகிறது, நல்ல சூடு கெட்ட சூடு என்று பார்ப்பதில்லை.

இதைச் சொன்னதும் அவள் தன் டம்ளரைப் பார்த்தாள். "டீ ஆறுற மாதிரி" என்றாள்.

அதேதான். புண்ணும் ஆறும், கோபமும் ஆறும், டீயும் ஆறும். நமக்கு எல்லாம் ஒரே வினைச்சொல். ஆறுதல் என்பதும் அதே வேரில் வந்ததுதான். ஆறுதல் என்றால் யாராவது வந்து சொல்ல வேண்டியது என்று எப்போதோ ஆக்கிவிட்டோம். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிவைத்த பால் யாரும் ஆற்றாமலே ஆறத்தான் செய்கிறது, நேரம்தான் வேண்டும்.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. தனியே இருக்கும்போது ஏதாவது படித்துக்கொண்டிருந்தாலும் சூடு இறங்கியது. கண்ணை மூடித் தியானம் செய்தே தீர வேண்டும் என்பதில்லை. அடுத்தது, தானாக விரும்பித் தனியே இருந்தவர்களுக்கு அந்த நேரம் இளைப்பாறலாகவும் மன அழுத்தத்தைக் குறைப்பதாகவும் அமைந்தது. "போய் ஒரு ஓரமா உட்காரு" என்று பிள்ளையைத் தண்டிக்கிறோமே, அதில் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

"போன் பார்த்துக்கிட்டே உட்கார்ந்தா?" என்றாள். போனுக்குள் முந்நூறு பேர் இருக்கிறார்கள், அது எப்படித் தனியாகும் என்றேன். இது ஆய்வு சொன்னதல்ல, என் கட்சி.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் சில நிமிடம் பெரும்பாலும் நன்றாக இருக்காது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமதி வில்சன் குழு 2014இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது உலகமெங்கும் பேசப்பட்டது. வெறும் அறை, பதினைந்து நிமிடம், யோசனையைத் தவிர வேறு துணை இல்லை. ஒரு பட்டன் மட்டும் உண்டு. அமுக்கினால் லேசாக ஷாக் அடிக்கும். இந்த ஷாக் வேண்டாம், காசு கொடுத்தாவது தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்களை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். ஆண்கள் 18 பேரில் 12 பேரும், பெண்கள் 24 பேரில் 6 பேரும் தாங்களே அமுக்கிக்கொண்டார்கள். முன்பெல்லாம் கரண்ட் போனால் வாசப்படியில் சும்மா உட்கார்ந்து நமக்குப் பழக்கமிருந்தது. இன்வெர்ட்டர் வந்து அதையும் கெடுத்தது.

சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை என்பதுதான் விஷயம். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்தச் செலவில் பெரிய மாற்றம் இல்லை. வெளிவேலை நிற்கும்போது மும்முரமாகும் மூளைப் பகுதிகளை மார்கஸ் ரெய்க்கிள் குழு 2001இல் விவரித்தது. அப்போது மனம் சொந்தக் கணக்கைத் திறக்கிறது. காலையில் மேனேஜர் சொன்னது, நாளைக்குக் கட்ட வேண்டிய பீஸ், தம்பியிடம் பேசாமல் விட்டது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நாள் முழுக்கத் தள்ளிவைத்தது அல்லவா, வராமல் என்ன செய்யும்? வந்து நின்று, ஒரு வரிசைக்கு வந்து, மெல்ல விலகினால் மனம் ஆறுகிறது என்று அர்த்தம். ஒன்றே திரும்பத் திரும்ப வந்து, அரைத்த மாவையே அரைத்தால் அது வேறு. அங்கே உட்கார உட்காரச் சூடு ஏறும். அப்போது எழுந்து நடப்பதும், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்வதும்தான் நல்லது. மனிதர்களையே தவிர்த்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டு வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

"அப்ப எங்க சித்தப்பா?" என்று கேட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில், சித்தி இல்லை, நாலு அறை வீட்டில் அவர் மட்டும். அவருக்குத் தனிமையின் பலனை எடுத்துச் சொல்வது பாவம். டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1958இல் ஒன்று எழுதினார். தனியே இருக்கும் திறன், அம்மா அருகில் இருக்கும்போது குழந்தை தன்பாட்டுக்கு விளையாடுவதில்தான் முளைக்கிறது என்றார். அம்மா அடுப்படியில் இருக்கிறாள் என்ற தெம்பில்தான் குழந்தை கூடத்தில் தன்னை மறக்கிறது. நீ ஸ்கூட்டரில் நிம்மதியாக உட்காருவது மேலே நாலு பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் அம்மா என்றேன். சித்தப்பாவுக்கு வேண்டியது வாரத்தில் இரண்டு நாள் நீ போய் உட்காருவது.

மழை விட்டது. அத்தையிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன், மறுநாள் பேசினேன். இதையெல்லாம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டார். "வத்தல் காயப்போட்டுட்டு, காக்கா வரும்னு மொட்டைமாடியிலயே உட்கார்ந்திருப்பேன். காவலுக்கு வேற யாரையும் விட்டதில்ல. எதுக்குன்னு நினைக்கிறீங்க?" என்றார்.

நம் வீட்டு ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பெண்களுக்கு விடிகாலைக் கோலம், வத்தல், துணி எடுக்கிற சாக்கு என்று ஏதாவது காரணம் வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கலாம். என்ன ஆச்சு என்று கேளுங்கள், கால் மணி நேரம் கழித்து.