கோல் வறட்சி வந்தால் பயிற்றுநர் தலைதான் உருள வேண்டுமா?

பாயா ரும்புட், செங், குருபோங் வட்டாரத்தில் காற்பந்து ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. ஹாங் ஜெபாட் அரங்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குழு தோற்ற மறுநாள் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் ஒரே தீர்ப்புதான் காதில் விழும்: "கோச்சை மாத்தணும்." அதுவும் கோல் விழவில்லை என்றால் கோபம் இரட்டிப்பாகும். ஐந்து கோல் வாங்கிய குழுவைக்கூட மன்னித்துவிடுவார்கள். நான்கு ஆட்டமாக ஒரு கோலும் போடாத குழுவை யாரும் மன்னிப்பதில்லை.

ஆனால் பயிற்றுநரை மாற்றினால் கோல் வருமா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டின் அண்மை வரலாற்றிலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் இருப்பவர்கள் இரண்டு மலேசிய இந்தியர்கள்.

2007ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியை மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து நடத்தின. புக்கிட் ஜாலிலில் சொந்த ரசிகர்கள் முன்னிலையில் நம் குழு சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 எனத் தோற்றது. மூன்று ஆட்டங்களில் 12 கோல்களை வாங்கி, ஒன்றே ஒன்றைப் போட்டது. பயிற்றுநர் நோரிசான் பக்காரின் இடத்துக்கு பி. சத்தியநாதன் வந்தார்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. அதே ஆண்டு மெர்டேக்கா கிண்ணம் கிடைத்தது. பிறகு மெல்ல மெல்லப் பழைய கதை திரும்பியது. 2008 இறுதியில் நடந்த தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியில் குழு, முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2009 ஜனவரியில் ஷா ஆலாமில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-5 எனத் தோற்றது. சத்தியநாதனின் பதவி போனது. அவருக்கு முந்தையவரைச் சாய்த்த அதே மாதிரி எண்ணிக்கைதான் அவரையும் சாய்த்தது.

ஆள் மாறினார், ஆட்டம் மாறவில்லை. ஏன்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறையும். அந்த நேரம் பார்த்துப் பழைய மண்டோரை நீக்கிப் புதியவரைப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் மரம் தளிர்க்கும், பாலும் கூடும். பெயர் புதிய மண்டோருக்குப் போகும். அவரே அங்கு நிலைத்திருந்தால் அடுத்த ஆண்டு இலை உதிரும்போது அவரும் திட்டு வாங்குவார்.

காற்பந்திலும் இப்படித்தான் நடக்கிறது. பயிற்றுநரைப் பெரும்பாலும் குழு அடிமட்டத்தைத் தொட்ட நேரத்தில்தான் மாற்றுகிறார்கள். அந்த இடத்திலிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் ஏற்றம் இருக்கும். நெதர்லாந்தில் 1986 முதல் 2004 வரையிலான லீக் ஆட்டங்களை ஆராய்ந்த ஒரு பொருளாதார ஆய்வு, பயிற்றுநரை நீக்கிய குழுக்களையும் அதே அளவு சரிந்தும் நீக்காத குழுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நீக்கியதால் தனிப் பலன் கிடைத்ததாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு.

அமெரிக்காவில் இந்த விவகாரம் வேறு உயரத்துக்குப் போயிருக்கிறது. அவர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம் காற்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பல்கலைக்கழகக் குழுக்களுக்கே பல்லாயிரம் ரசிகர்கள் திரள்வார்கள். அங்கே தாக்குதலுக்கு ஒரு பயிற்றுநர், தற்காப்புக்கு ஒரு பயிற்றுநர் என்று வேலை பிரிந்திருக்கும். புள்ளி வரவில்லை என்றால் தலைமைப் பயிற்றுநருக்கு முன்பு தாக்குதல் பயிற்றுநரின் பதவிக்குத்தான் ஆபத்து வரும். அயோவா பல்கலைக்கழகத்தில் 2023ஆம் ஆண்டு பிரையன் ஃபெரென்ட்ஸ் என்பவருக்கு, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகளைக் குழு எடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். குழு 10 ஆட்டங்களில் வென்றது. ஆனால் சராசரி 15ஐ ஒட்டியே நின்றது. பருவம் முடிவதற்கு முன்பே, அடுத்த ஆண்டு அவர் இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. தலைமைப் பயிற்றுநர் பதவியில் நீடித்தார். அவர் பிரையனின் அப்பா! வீட்டில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்களோ.

அந்த முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தப் பகுதி பழுது என்று பார்த்து அதை மட்டும் மாற்றுகிறார்கள். நம் நாட்டுக் குழுக்களில் பொதுவாக ஒரு தலைமைப் பயிற்றுநர், சில துணைப் பயிற்றுநர்கள், கோல்காவலருக்கு ஒருவர், உடல்திறனுக்கு ஒருவர் என்றுதான் இருப்பார்கள். கோல் வரவில்லை என்றால் முழுப் பழியும் தலைமைப் பயிற்றுநர்மேல் விழும். அவர் போகும்போது அவர் சேர்த்துவந்த துணைப் பயிற்றுநர்களும் பல வேளைகளில் கூடவே போக வேண்டியிருக்கும். உரிமத் தேர்வுகளை ஒவ்வொரு படியாகத் தாண்டி மேலே வந்த ஓர் இளம் துணைப் பயிற்றுநருக்கு, தன் தவறு எதுவும் இல்லாமலே ஒரே நாளில் வேலை போவது இப்படித்தான். அவர் பெயர் செய்தியில்கூட வராது.

சத்தியநாதனுக்குப் பிறகு 2009இல் பொறுப்பேற்றவர் கே. ராஜகோபால். ஆட்டக்காரராக இருந்த காலத்தில் 'கிங் கோபால்' என்று ரசிகர்கள் கொண்டாடியவர். அந்த ஆண்டு டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டிக்கு 23 வயதுக்குட்பட்ட குழுவை அழைத்துச் சென்றார். முதல் சுற்றில் வியட்நாமிடம் தோல்வி. பிறகு தாய்லாந்தை 2-1 என வீழ்த்தி மேலே வந்தது குழு. இறுதி ஆட்டத்தில் அதே வியட்நாமை 1-0 என வென்றது. 1989க்குப் பிறகு, 20 ஆண்டுகள் கழித்துக் காற்பந்தில் தங்கம்.

உண்மையான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. 2010 டிசம்பர் முதல் நாள், சுசுகி கிண்ணத் தொடக்க ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோல்வி. 2007இல் சீனாவிடம் பார்த்த அதே எண்ணிக்கை. போட்டி நடுவில் இருந்ததால் ஆளை மாற்ற நேரமில்லை என்றும் சொல்லலாம். எப்படியோ, ராஜகோபால் இருந்தார். மாறியது குழுவின் உள்ளே. கோல் கம்பத்தில் இளையவரான கைருல் ஃபாமி நிறுத்தப்பட்டார். சீ போட்டியில் ஒன்றாக ஆடிப் பழகிய இளைஞர்கள்மேல் பயிற்றுநர் வைத்த நம்பிக்கையைக் கைவிடவில்லை. அந்தக் குழுவில் நெகிரி செம்பிலானின் எஸ். குணாளனும் இருந்தார்.

தாய்லாந்துடன் சமநிலை, லாவோஸை 5-1, அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் வியட்நாமை 2-0. டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலில் நிரம்பி வழிந்தது. 25 நாளுக்கு முன்பு ஐந்து கோல் போட்ட அதே இந்தோனேசியாவை மலேசியா 3-0 என வென்றது. சஃபீ சாலி இரண்டு, அஷாரி சம்சுடின் ஒன்று. ஜகார்த்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2. மலேசியா முதல்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது. ஐந்து கோல்களுடன் சஃபீ சாலி அதிகக் கோல் போட்ட ஆட்டக்காரர் ஆனார்.

அதே 2010இல் இன்னொன்றும் நடந்தது. அக்டோபர் மாத இறுதியில் கிளந்தான், நெகிரி செம்பிலானை 2-1 என வென்று, தன் வரலாற்றிலேயே முதல்முறையாக மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கிளந்தானின் பயிற்றுநர் யார் தெரியுமா? தேசியக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே சத்தியநாதன். திறமை இல்லாமல் போனவர் இரண்டே ஆண்டுகளில் திறமைசாலி ஆகிவிடவில்லை. அவர் கையில் இருந்த குழு வேறு.

இதைச் சொல்வதால் பயிற்றுநரை எப்போதும் மாற்றவே கூடாது என்று ஆகாது. ஆட்டக்காரர்கள் பேச்சைக் கேட்காத நிலை வந்துவிட்டால், ஒரே தவறு ஆட்டத்துக்கு ஆட்டம் திருத்தப்படாமல் போனால், மாற்றித்தான் ஆக வேண்டும். ராஜகோபாலின் காலமும் 2013 இறுதியில் முடிந்தது. அடுத்து வந்த டோல்லா சாலேயின் குழு 2014 சுசுகி கிண்ண இறுதிவரை போனது. 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-10 எனத் தோற்றது. அவரும் போனார்.

மலாக்கா ரசிகர்களுக்கு இதில் தனி வலி உண்டு. மலாக்கா யுனைடெட் 2016இல் பிரீமியர் லீக் வெற்றியாளராகி சூப்பர் லீக்குக்கு ஏறியது. அதன்பின் வந்த பருவங்களில் பயிற்றுநர்கள் மாறினார்கள், கடைகளில் சண்டையும் நடந்தது. கடைசியில் குழுவைச் சாய்த்தது தாக்குதல் ஆட்டமும் அல்ல, தற்காப்பும் அல்ல. சம்பள பாக்கியும் பணச் சிக்கலும் சேர்ந்து உரிமத்தைப் பறித்தன. 2023 சூப்பர் லீக் அட்டவணையில் மலாக்கா யுனைடெட்டின் பெயரே இல்லை.