முடி கொட்டினால் நாளை எண்ணிப் பாருங்கள்

தூத்துக்குடி, திருச்செந்தூர் கடலோரக் கிராமங்களில் தலைமுடி கொட்டத் தொடங்கினால் பழி முதலில் கிணற்றின்மீதுதான் விழுகிறது. "உப்புத் தண்ணீர், அதனால்தான் கொட்டுகிறது" என்று எண்ணெயை மாற்றிப் பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். உப்பளமும் உவர்நிலமும் சூழ்ந்த பகுதியில் இப்படி நினைப்பது இயல்பே. உவர்நீரில் குளித்தால் முடி வறண்டு ஒடியக்கூடும். ஆனால் ஒடிவது வேறு, அடியோடு கழல்வது வேறு. சீப்பில் வந்த முடி துண்டு துண்டாக இருந்தால் ஒடிந்தது. முழு நீளத்துக்கும் வந்தால் கழன்றது. நாளொன்றுக்கு நூறு முடி வரை கழல்வது இயற்கை. அதற்கு மேல் கொத்துக் கொத்தாக வந்தால் காரணத்தை உடலுக்குள் தேட வேண்டும்.

மராட்டிய மாநிலம் புல்தானா மாவட்டத்தில், ஷெகாவ் வட்டாரக் கிராமங்களில் 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். சில நாட்களுக்குள்ளேயே பலருக்குத் தலை வழுக்கையாயிற்று. அதுவும் உவர்நீர்ப் பகுதியாதலால் முதலில் தண்ணீரின்மீதே சந்தேகம் எழுந்தது. பின்னர் பாதிக்கப்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது செலினியம் என்ற தாதுப்பொருள் அளவுக்கு மிஞ்சி இருந்தது தெரியவந்தது. அவர்கள் உண்ட கோதுமையிலும் அது மிகுந்திருந்ததாக மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் தெரிவித்தார். சிறிதளவு செலினியம் உடலுக்குத் தேவையே. மிஞ்சினால் முடியும் நகமும் கெடும்.

திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டவருக்கு மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில் முடி மீண்டும் வளர்கிறது. அறுத்த பயிர் மறுதாம்பு விடுவதைப் போன்றதே இது. மேலே போனாலும் அடித்தூர் உயிரோடிருக்கிறது. முடியின் அடித்தூரில் உள்ள உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுபவை. அந்தப் பெருக்கத்தைத் தடுக்கும் பொருள் எதுவாயினும் அதன் விளைவு முடியில் தெரிந்துவிடும்.

ஆடு வளர்ப்போர் இதைக் கண்ணாலேயே காணலாம். விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதிகளில் கன்னி ஆடும் கொடி ஆடும் வைத்திருப்போர் கோடையில் பச்சைக்கு சூபாபுல் எனும் சவுண்டல் தழையை நம்புவதுண்டு. புரதம் மிகுந்த நல்ல தீவனம்தான். ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உள்ளது, இளந்தளிரில் அதிகம். பழக்கமில்லாத ஆட்டுக்கு இதை மட்டுமே போட்டால் ஓரிரு வாரத்தில் ரோமம் உதிரும், வாயில் எச்சில் வடியும், எடை குறையும். நாள்பட்டால் கழுத்துச் சுரப்பி வீங்கும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், சோளத்தட்டையோ புல்லோ கலந்து, சிறிது சிறிதாகப் பழக்குவதே முறை. சினை ஆட்டுக்கு இன்னும் குறைக்கலாம். முயல், கோழி, கழுதைக்கு இது ஒத்துவராது.

ஹவாய்த் தீவில் ஆடுகள் இதே தழையைத் தின்று நலமாக இருப்பதைக் கண்ட ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் இரைப்பையில் இந்த நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் இருக்க வேண்டும் என்று கருதினார். அது மெய்யாயிற்று. 1992-இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே சேர்த்துச் சூட்டினார்கள். ஆட்டுக்கு வாய்த்த இந்தத் துணை மனிதனுக்குக் கிடையாது. சவுண்டல் விதையை அவித்துத் தின்னும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்தும் இதே வழியில்தான் முடியைத் தாக்குகிறது. வேகமாகப் பெருகும் புற்றணுக்களை அழிக்கத் தரும் மருந்து, வேகமாகப் பெருகும் முடியின் அடித்தூரையும் விட்டுவைப்பதில்லை. முதல் முறை மருந்து ஏற்றி இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டும். எல்லா மருந்திலும் அல்ல. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலோருக்குத் திரும்ப வளர்ந்துவிடும். ஊரார் என்ன சொல்வார்களோ என்று பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு வருபவர் இழப்பது முடியை அல்ல, உயிரை. குடும்பத்தார் இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே முடி கொட்டினால் நாளைப் பின்னோக்கி எண்ணுக. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் உட்கொண்ட புதிய மருந்து என்ன, நஞ்சு ஏதும் உடலில் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். முன்பு பல நாடுகளில் எலிப்பாஷாணமாகப் பயன்பட்ட தாலியமும் இந்தக் கணக்கில்தான் முடியைக் கொட்டச் செய்யும். அதோடு பாதத்தில் தாங்கமுடியாத எரிச்சலும் இருக்கும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சலோ பிரசவமோ வந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். இது தானே சரியாகும். நாள் கணக்கு எதிலும் பொருந்தாமல் மெல்ல மெல்லக் குறைந்தால் இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் சோதித்துக்கொள்வது நல்லது.

தோல் நோய் வகை வேறு. அதில் முடி திட்டுத் திட்டாகப் போகும். வழவழப்பான வட்டத் திட்டைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியைத் தாக்குகிறது. பூண்டை அரைத்துப் பூசித் தோலை வேகவைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையின் தலையில் செதில் உதிர்ந்து, முடி ஒடிந்து திட்டு விழுந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. ஒரே சீப்பால் வீடு முழுதும் பரவும். கன்றின் முகத்தில் உள்ள சாம்பல் நிறத் திட்டிலிருந்தும் தொற்றும். தலையில் வந்ததற்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். புருவத்தின் வெளிப்பக்க முடி உதிர்ந்து, உடலில் உணர்ச்சியற்ற தேமலும் தெரிந்தால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அதற்கான கூட்டு மருந்து இலவசம். கன்றை அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி, குணமாகும் வரை குழந்தைகளை அதன் அருகில் விடாதிருக்க வேண்டும்.