சங்கு போன வழியில் பாசியும் போக வேண்டாம்

கரையோரக் கணக்கு – 11

ரமலான் மாதம் பிறந்தால் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் மளிகைக் கடை வாசல்களில் கடல்பாசிப் பொட்டலங்கள் தொங்கத் தொடங்கும். வெள்ளை இழைகளை ஊறவைத்துக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆறவிட்டு, வில்லை போட்டு நோன்பு திறக்கும் நேரத்துக்கு எடுத்து வைப்பார்கள். மதுரை ஜிகர்தண்டாவிலும் இதே கடல்பாசிதான். இந்த இழைக்கு அகார் என்று பெயர். அகார் தரும் பாசிகள் ராமநாதபுரம் கடலில் விளைகின்றன. இங்குள்ள பெண்கள் மூச்சடக்கி மூழ்கி அவற்றைப் பறிக்கிறார்கள். பறித்த பாசி காய்ந்து, மூட்டையாகிக் கரையைவிட்டுப் போகிறது. அது அகார் ஆவது வேறு ஊரில். லாபத்தின் பெரும்பங்கு நிற்பதும் அங்கேதான்.

வளரும் நாட்டுக்கு இயற்கை வளம் எப்படிக் கைகொடுக்கும் என்பதே இத்தொடரின் அடிப்படைக் கேள்வி. சென்ற வாரம் வாலிநோக்கம் உப்பளத்தில் நின்று அதைக் கேட்டோம். இந்த வாரம் திருவாடானை வட்டத்துக் கடலோரம். வளம் இருப்பது மட்டும் எந்த ஊரையும் வாழவைத்ததில்லை. மூலதனத்தில் கைவைக்காமல் விளைச்சலை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கச்சாவாகத் தள்ளிவிடாமல் கரையிலேயே பண்டமாக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வளம் வாழ்வாகும். இக்கரை இரண்டையும் தவறவிட்ட கதை பழையது.

சங்கும் அட்டையும்

பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் முத்துக்கு அடுத்து பேர்பெற்ற சரக்கு சங்கு. சங்கு குளிப்பவர்கள் எடுத்து வந்ததை வியாபாரிகள் கப்பலேற்றி வங்காளத்துக்கு அனுப்பினார்கள். டாக்காவிலும் பிஷ்ணுபூரிலும் சங்கறுப்போர் அதை வளையலாக்கினார்கள். வங்காளத்தில் மணமான பெண்ணின் கையில் சங்கு வளையல் இருந்தாக வேண்டும் என்பதால் அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு தொழில் செழித்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். இக்கரையிலிருந்து சங்கு போன தடம் அதில் விரிவாக இருக்கிறது.

ஆனால் சங்கறுக்கும் கலை நமக்குத் தெரியாததல்ல. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது சங்கு வளையல்கள் கிடைத்தன. கொற்கையிலும் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் வளையல் செய்த கரை, பிற்காலத்தில் சங்கை மட்டும் அனுப்பும் கரையாகிவிட்டது. தொழில் கைமாறியதோடு வருமானமும் கைமாறியது.

கடல் அட்டையின் கதை இன்னும் வேதனையானது. அட்டையை அவித்து, மணலில் புதைத்து, மேல்தோல் நீக்கிக் காயவைத்துச் சீனர்களின் சமையலுக்கு ஏற்றுமதி செய்யும் தொழில் இக்கரையில் நெடுங்காலம் நடந்தது. விலை ஏற ஏற, குஞ்சும் குட்டியுமாக வாரினார்கள். 2001இல் மத்திய அரசு கடல் அட்டைகள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. தொழில் ஒரே நாளில் குற்றமானது. அதற்கு முன்பே, 1988இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் அட்டைக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்துக் காட்டியிருந்தது. அட்டையைப் பெருக்கும் வித்தை கையில் இருந்தது. அது பரவும் முன்பே வாரல் முந்திக்கொண்டது. எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும், இன்று அட்டைப் பண்ணைகள் பெருகுகின்றன. கடலில் யார் பண்ணை போடுவது என்று அங்குள்ள மீனவர்களும் கேள்வி எழுப்பி வருகிறார்கள்.

நாட்டின் வருமானக் கணக்கு, கடலிலிருந்து வாரியதை வரவாகக் காட்டும். கடலில் குறைந்துபோனதைச் செலவாகக் காட்டாது. விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு இந்த மாதம் அரிசிச் செலவே இல்லை என்று சொல்வது போன்றது அந்தக் கணக்கு. இக்கரையின் அட்டையும், இழுவைமடியால் குறைந்துபோன பாக் விரிகுடா மீனும் அந்தக் கணக்கில்தான் கரைந்தன.

பாசி எடுக்கும் கைகள்

இப்போது பாசியின் முறை. அகாருக்கு மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும். அல்ஜினேட் என்ற பசைப்பொருளுக்குக் கட்டக்கோரை. மரிக்கொழுந்து பாறையோடு ஒட்டி வளரும். ராமேசுவரம் தீவிலும் அதன் எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் உள்ள பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, காலில் ரப்பர் செருப்போடு மூழ்கி அதைக் கிள்ளி எடுக்கிறார்கள். பாறை கீறிய தழும்பு இல்லாத கை அவர்களில் அரிது.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த இடம் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. அதன்பின் பெண்கள் தாங்களே கூடிப் பேசினார்கள். மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளுவது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது என்று கட்டுப்பாடு வகுத்தார்கள். இந்த முயற்சியில் முன்னின்ற சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. மூலதனத்தில் கைவைக்காமல் விளைச்சலை எடுக்கும் பொருளாதாரத்தை இவர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. நாளைக்கும் இதே பாறைக்கு வர வேண்டும் என்ற தேவை அதைக் கற்றுக்கொடுத்தது. கடல்வளம் பற்றிய எந்தத் திட்டமும் இவர்களிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பறிப்பதோடு வளர்ப்பும் வந்தது. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1980களில் கொண்டுவந்து பழக்கியது. பின்னர் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000த்தில் பெப்சி நிறுவனம் மண்டபம் கரையில் ஒப்பந்த முறையில் வளர்ப்பைத் தொடங்கியது. இதிலிருந்து எடுக்கும் கராஜீனன், ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை கெட்டிப்படுத்தும் பொருளாகச் சேர்கிறது.

வேலை எளிய கணக்குதான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் 150 கிராம் அளவில் 20 விதைத் துண்டுகள். ஆக 60 கிலோ. கட்டும் வேலை பெரும்பாலும் கரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களுடையது. கடலில் விட்ட 45ஆம் நாள் 250 கிலோ அளவுக்கு விளையும். 60 கிலோவை மறுவிதைக்கு எடுத்துவைத்தால் மிச்சம் 190 கிலோ. காய்ந்தால் அது 20 கிலோவுக்குள் வந்துவிடும். ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் நாளுக்கு ஒரு மிதவை அறுவடை. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது வேலை நின்றுவிடும். காய்ந்த பாசிக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடினால் நாளுக்கு ஏறத்தாழ நூறு ரூபாய் கூடும். ஆகவே விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் பொருளாதாரம்.

இந்தப் பாசியிலும் இரண்டு பாடங்கள் கிடைத்தன. 2008 வாக்கில் குருசடைத் தீவருகே கப்பாபைகஸ் பவளப்பாறைகள் மீது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். 2013இல் கடல் சூடேறியபோது வளர்ப்புப் பாசி பெருமளவில் அழிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 டன் காய்ந்த பாசி வரை ஏறியிருந்த விளைச்சல் சரிந்தது. ஒரே இனத்தை, அதுவும் ஒரே தாய்ச் செடியின் துண்டுகளை, ஆண்டுக்கணக்கில் கட்டி வளர்த்தால் நோய்க்கும் வெப்பத்துக்கும் தாங்கும் வலு குறைந்துகொண்டே வரும்.

வைரமும் சான்சிபார் பாசியும்

வளத்தின் லாபத்தைத் தன்னிடமே நிறுத்தப் பார்த்த இரண்டு இடங்களைப் பார்ப்போம். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. மறு ஆண்டு அங்கே வைரம் கிடைத்தது. வைரம் கிடைத்த பல நாடுகள் உள்நாட்டுப் போரில் எரிந்தன. போட்ஸ்வானா சுரங்க நிறுவனத்தில் சரிபாதிப் பங்கைக் கேட்டு வாங்கியது. வந்த பணத்தைப் பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் செலவிட்டது. எதிர்காலத்துக்கென்று தனி நிதியும் சேர்த்தது. அதோடு நிற்கவில்லை. லண்டனில் நடந்துவந்த கச்சா வைர விற்பனையைத் தன் தலைநகர் காபரோனுக்கு மாற்ற வேண்டும் என்று பேரம் பேசி, 2013இல் அதைச் சாதித்தது. ஆய்வகத்தில் செய்யும் வைரம் சந்தைக்கு வந்து விலை இறங்கியதால் அதே நாடு தடுமாறுகிறது. ஒற்றை வளத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தும் அங்கேயே தெரிகிறது.

நம் பாசிக்கு நேர் உறவு சான்சிபார் தீவு. 1989இல் தொடங்கிய பாசி வளர்ப்பில் அங்கே பெரும்பாலும் பெண்கள்தான். ஆழமில்லாத நீர் சூடேறி அதிக விலைபோகும் இனம் வளரவில்லை என்றதும் ஆழமான நீரில் வளர்க்கும் முறைகளைக் கற்றார்கள். பாசியைப் பொடியாக்கிச் சோப்பு செய்து விற்கவும் தொடங்கினார்கள். மூட்டை விலைக்கும் சோப்பு விலைக்கும் நடுவிலுள்ள தொகை ஊரிலேயே தங்குகிறது.

வளமாவூரில் என்ன நடக்க வேண்டும்

2023 செப்டம்பரில் திருவாடானை வட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிரதமரின் மீன்வளத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 127 கோடி ரூபாய் மதிப்பு. விதை வங்கி, ஆய்வகம், பதப்படுத்தும் வசதி, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்பது நோக்கம். அதே திட்டத்தில் மிதவைச் செலவில் பெண்களுக்கு 60 சதவீதமும் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இவ்வளவு பொருத்தமான வாய்ப்பு இந்த வட்டத்துக்கு அடிக்கடி வருவதில்லை.

இந்தப் பூங்கா வெறும் கொள்முதல் கிடங்காகிவிடக் கூடாது. உலர்த்துவதும் அகார் எடுப்பதும் பொட்டலம் போடுவதும் இங்கேயே நடக்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்களுக்குக் கூலி மட்டும் போதாது. உற்பத்தியாளர் நிறுவனமாக அவர்களுக்குப் பங்கு வேண்டும். அன்றன்றைய கொள்முதல் விலை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கப்பட வேண்டும். விதை வங்கியில் கஞ்சிப்பாசி போன்ற நாட்டு இனங்களுக்கு முதலிடம் வேண்டும். பவளப்பாறையும் கடற்புல்லும் உள்ள இடங்களில் மிதவைக்கு அனுமதி கூடாது. பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில், 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசுவுக்கு உணவு கடற்புல். மீன்குஞ்சுகள் வளரும் இடமும் அதுவே. அதை நிழலால் மூடிவிட்டுப் பாசி வளர்த்தால் ஒரு வரவுக்காக இரண்டு மூலதனங்களை இழப்போம்.

இன்னொரு வாய்ப்பும் இங்கே காத்திருக்கிறது. பறித்த ஈரப்பாசியைப் பிழிந்தெடுக்கும் சாறு பயிருக்குத் தெளிக்கும் ஊக்கியாகிறது. சக்கையிலிருந்து கராஜீனனும் எடுக்கலாம். இந்த நுட்பத்தை உருவாக்கியதும் பாவ்நகர் நிலையம்தான். பாசிச் சாற்றில் செய்த ‘சாகரிகா’வை இஃப்கோ நாடு முழுக்க விற்கிறது. திருவாடானை, ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம். கடலும் வயலும் ஒரே வட்டத்துக்குள் இருக்கின்றன. வளமாவூரில் பிழிந்த சாறு திருவாடானை கண்மாய்ப் பாசன வயல்களுக்கே நேராகப் போனால், கடலோரத்துப் பெண்ணின் விளைச்சலும் விவசாயியின் விளைச்சலும் ஒன்றையொன்று தாங்கும். இடையில் லாரி வாடகையும் தரகும் குறையும்.

சங்கு போனபோது கேட்க நாதியில்லை. அட்டை அழிந்தபோது கேட்டும் தாமதமாகிவிட்டது. பாசியைப் பொறுத்தவரை இன்னும் காலம் இருக்கிறது. பூங்காவின் கட்டடம் எழும்போதே அதன் பங்குதாரர் பட்டியலும் எழுதப்பட வேண்டும். பெண்கள் சுய உதவிக்குழுக்களின் பெயர் அதில் முதலில் வர வேண்டும். இதை மாவட்ட நிர்வாகத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கிராமசபையிலும் கேட்பது இக்கரையில் வாழும் ஒவ்வொருவரின் உரிமை. அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே கேளுங்கள்.

(அடுத்த வாரம்: தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில், வெட்டாமல் விட்ட அலையாத்திக் காடு ஊருக்கு வருமானம் தரும் விதம்)