ஒரு டிரா, ஒரு பெனால்டி, ஒரு விலகல்... ஆசியக் கோப்பை கதவு இந்தியாவுக்கு மூடியது எப்படி? தகுதிச்சுற்று கணக்கு - முழு விளக்கம்

2027 ஜனவரியில் சவுதி அரேபியாவில் தொடங்க இருக்கிறது ஆசியக் கோப்பை கால்பந்து. மொத்தம் 24 அணிகள். அதில் இந்தியா இல்லை. சுமார் 60 லட்சம் பேர் மட்டுமே வசிக்கும் சிங்கப்பூர் இருக்கிறது.

"140 கோடி பேர் இருக்கிற நாட்டுல 11 பேர் கிடைக்கலையா?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். ஆனால் இந்த முறை கேட்க வேண்டிய கேள்வி வேறு. சவுதிக்குப் போக இந்தியாவுக்கு ஒன்றல்ல, மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் எப்படி அடைபட்டன? அதைப் புரிந்துகொள்ள முதலில் தகுதிச்சுற்று என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

தகுதிச்சுற்று எதற்கு?

ஆசியக் கால்பந்து கூட்டமைப்பில் 47 சங்கங்கள் உறுப்பினர்கள். ஐரோப்பிய கூட்டமைப்பில் 55. எல்லோரையும் ஒரே தொடரில் ஆட வைக்க முடியாது. அதனால் ஆசியக் கோப்பை, யூரோ கோப்பை இரண்டிலுமே இப்போது 24 அணிகளுக்குத்தான் இடம். யூரோ 2016-லும், ஆசியக் கோப்பை 2019-லும் இந்த எண்ணிக்கைக்கு மாறின.

இந்த 24 பேரைத் தேர்ந்தெடுக்க நடப்பதுதான் தகுதிச்சுற்று. நாம் டிவியில் பார்க்கும் கோப்பைத் தொடர் ஒரே மாதத்தில் முடிந்துவிடும். அதற்கான தகுதிச்சுற்றோ ஓராண்டு, இரண்டாண்டு என்று இழுக்கும்.

பாலவனத்தம் கணக்கு: தோற்காத அணி கடைசி இடம்!

ஐரோப்பா, ஆசியாவை எல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அருப்புக்கோட்டை பக்கம் வருவோம்.

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி என நான்கு ஊர் அணிகள் ஒரு பிரிவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளுடன் இரண்டு முறை மோதும். ஒரு ஆட்டம் சொந்த ஊர் கரிசல் மண்ணில், இன்னொன்று எதிரணி ஊரில். ஆக ஒரு அணிக்கு 6 ஆட்டங்கள். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் 0. முதலிடம் பிடிக்கும் ஒரே ஒரு அணிக்குத்தான் விருதுநகரில் நடக்கும் இறுதித் தொடரில் இடம்.

இப்போது பாலவனத்தம் அணி ஒரு ஆட்டத்தில்கூட தோற்கவில்லை. ஆனால் ஆறும் டிரா. புள்ளி எவ்வளவு? வெறும் 6.

மற்ற மூன்று அணிகளும் தங்களுக்குள் மோதும்போது சொந்த ஊரில் ஜெயிக்கின்றன, வெளியூரில் தோற்கின்றன. ஆளுக்கு 2 வெற்றி, 2 தோல்வி, பாலவனத்தத்துடன் 2 டிரா. மூவருக்கும் தலா 8 புள்ளி.

முடிவு? தோல்வியே காணாத பாலவனத்தம்தான் கடைசி இடம்!

நான்கு அணிகள், ஒரே ஒரு இடம் என்ற பிரிவில் டிரா என்பது பாதி வெற்றி கிடையாது. கிட்டத்தட்ட முக்கால் தோல்வி. இந்தியாவுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

முதல் வழி: போட்டியை நடத்துவது

தொடரை நடத்தும் நாட்டுக்கு இடம் உறுதி. 2024 யூரோவை நடத்திய ஜெர்மனி தகுதிச்சுற்றே ஆடவில்லை.

2027 ஆசியக் கோப்பையை நடத்தும் போட்டியில் கடைசி வரை நின்றது இரண்டே நாடுகள். ஒன்று சவுதி அரேபியா, இன்னொன்று இந்தியா. 2022 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தனது விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியது. பெரிய தொடர்களை நடத்துவதைவிட அடிமட்டத்திலிருந்து கால்பந்தை வளர்ப்பதே முக்கியம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பந்துகூட உதைக்காமல் கிடைத்திருக்கக்கூடிய வழி அதோடு முடிந்தது.

இரண்டாவது வழி: நான்கில் இருவருக்கு இடம்

2026 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்றும், 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்றும் இரண்டாம் சுற்று வரை ஒன்றாகவே நடந்தன. இரண்டாம் சுற்றில் 36 அணிகள், 9 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடித்த 18 அணிகளும் நேராக ஆசியக் கோப்பைக்குப் போய்விட்டன.

இதுதான் சுலபமான வழி. இந்தியாவின் பிரிவில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான்.

- 2023 நவம்பர்: குவைத் மண்ணில் 1-0 என வெற்றி. அருமையான தொடக்கம். அடுத்து புவனேஸ்வரில் கத்தாரிடம் 0-3 என தோல்வி.
- 2024 மார்ச் 21: ஆப்கானிஸ்தானுடன் 0-0.
- 2024 மார்ச் 26: கவுகாத்தியில் மீண்டும் ஆப்கானிஸ்தான். சுனில் சேத்ரிக்கு 150-வது சர்வதேச ஆட்டம். பெனால்டியில் அவரே கோல் அடித்து 1-0. 70-வது நிமிடம் வரை முன்னிலை. அதன்பிறகு இரண்டு கோல் வாங்கி 1-2 என தோல்வி.
- 2024 ஜூன் 6: கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0. சேத்ரி ஓய்வு அறிவித்து விடைபெற்ற ஆட்டம்.
- 2024 ஜூன் 11: தோஹாவில் கத்தாரிடம் 1-2 என தோல்வி.

கடைசி ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. சாங்தே அடித்த கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தபோது, கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் சமன் செய்தது. நடுவர் கோல் கொடுத்துவிட்டார். வீடியோ ரெஃப்ரி வசதி அந்த ஆட்டத்தில் இல்லை.

இறுதிப் பட்டியலில் கத்தார் 16, குவைத் 7, இந்தியா 5, ஆப்கானிஸ்தான் 5.

கவனியுங்கள். இந்தியாவுக்குத் தேவைப்பட்டது கூடுதலாக 3 புள்ளி. தோஹாவில் ஜெயித்திருந்தால் 8. கவுகாத்தியில் ஜெயித்திருந்தாலும் அதே 8. இரண்டில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் குவைத்தை முந்திக்கொண்டு இந்தியா அன்றைக்கே சவுதி டிக்கெட்டை வாங்கியிருக்கும். தோஹாவில் நடந்தது அநியாயம் என்று கோபப்பட இடம் இருக்கிறது. ஆனால் கவுகாத்தியில் கோட்டை விட்டது நாமே.

மூன்றாவது வழி: நான்கில் ஒருவருக்கு மட்டும்

மீதி 6 இடங்களுக்கு 24 அணிகள், 6 பிரிவுகள். இங்கே ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு மட்டுமே வாய்ப்பு. அதாவது நாம் மேலே பார்த்த பாலவனத்தம் கணக்கு!

இந்தியாவுடன் சி பிரிவில் இருந்தவை வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர். தரவரிசைப்படி பிரிவில் இந்தியாதான் மேலே. பட்டியலைப் பார்த்தவர்கள் "இது ஈஸி பிரிவு" என்றே சொன்னார்கள்.

2025 மார்ச் 25, ஷில்லாங். ஃபிஃபா தரவரிசையில் 126-வது இடத்தில் இருந்த இந்தியா, 185-வது இடத்தில் இருந்த வங்கதேசத்துடன் மோதியது. ஓய்வை விலக்கிக்கொண்டு சேத்ரியும் திரும்பி வந்திருந்தார். எதிரணியில் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஹம்சா சவுத்ரிக்கு அது முதல் ஆட்டம். முடிவு 0-0. சொந்த மண்ணில் 3 புள்ளி எடுக்க வேண்டிய இடத்தில் 1 புள்ளி.

ஜூன் 10, ஹாங்காங். 90 நிமிடம் தாண்டி, இஞ்சுரி டைமில் பெனால்டி கொடுத்து 0-1 என தோல்வி. அடுத்த மாதமே பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் விலகினார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார்.

அக்டோபர் 9, சிங்கப்பூர். ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 10 பேருடன் ஆடிய இந்தியாவுக்கு 90-வது நிமிடத்தில் ரஹீம் அலி சமன் கோல் அடித்தார். சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம். 1-1. போராடிக் கிடைத்த புள்ளிதான், ஆனால் கணக்கில் அதுவும் ஒன்றுதான்.

அக்டோபர் 14, கோவா. சாங்தே கோல் அடித்துத் தொடங்கி வைத்தார். சாங் உய்-யங் இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். 1-2. கதை முடிந்தது.

இன்னும் 2 ஆட்டம் இருந்ததே, எப்படி வெளியேறியது?

அன்றிரவு பலரும் கேட்ட கேள்வி இது. கணக்கு எளிது.

- 4 ஆட்டங்களுக்குப் பின் சிங்கப்பூர் 8, ஹாங்காங் 8, இந்தியா 2.
- மீதி இரண்டையும் ஜெயித்தாலும் இந்தியாவுக்கு அதிகபட்சம் 8.
- சிங்கப்பூரும் ஹாங்காங்கும் தங்களுக்குள் மோத வேண்டிய ஆட்டம் பாக்கி. அதில் யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு 11. டிரா ஆனாலும் இருவருக்கும் 9.

ஆக, எப்படிப் பார்த்தாலும் ஒருவராவது இந்தியாவைத் தாண்டிவிடுவார். நவம்பர் 18-ல் சிங்கப்பூர் 2-1 என ஹாங்காங்கை வென்று தகுதி பெற்றது. 1984-ல் போட்டியை நடத்தியதால் ஆசியக் கோப்பையில் ஆடிய சிங்கப்பூர், தகுதிச்சுற்றில் ஜெயித்து நுழைவது இதுவே முதல்முறை. அதே நாளில் டாக்காவில் இந்தியா 0-1 என வங்கதேசத்திடம் தோற்றது.

ஐரோப்பாவில் எப்படி?

அங்கே ஒரு 'பின்வாசல்' உண்டு. 2024 யூரோவுக்கு 53 அணிகள் 10 பிரிவுகளாக ஆடின. முதல் இரண்டு இடம் பிடித்த 20 அணிகள் நேரடித் தகுதி. ஜெர்மனியையும் சேர்த்தால் 21. மீதி 3 இடங்கள் பிளே-ஆஃப் மூலம். அந்த பிளே-ஆஃபில் ஆட, நேஷன்ஸ் லீக் என்ற வேறொரு தொடரில் நன்றாக ஆடியிருக்க வேண்டும்.

இதனால் ஒரு வினோதம் நடந்தது. ஏ பிரிவில் மூன்றாவது இடம் பிடித்த நார்வே வெளியே. எர்லிங் ஹாலண்ட் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டியதாயிற்று. அதே பிரிவில் நான்காவதாக வந்த ஜார்ஜியாவோ, நேஷன்ஸ் லீக் முடிவால் பிளே-ஆஃபுக்குப் போய், கிரீஸை பெனால்டி ஷூட்அவுட்டில் வென்று முதல்முறையாக யூரோவுக்குள் நுழைந்தது. அங்கே போர்ச்சுகலையே 2-0 என வீழ்த்தியது. சின்ன அணிக்கும் மேலே ஏற ஒரு தனி ஏணி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

இந்தியாவும் ஒருமுறை இப்படி ஏறியிருக்கிறது. வளரும் நாடுகளுக்காக நடந்த ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பையை 2008-ல் இந்தியா வென்றது. டெல்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் சேத்ரி ஹாட்ரிக், 4-1. அதற்குப் பரிசாகத்தான 2011 ஆசியக் கோப்பை வாய்ப்பு கிடைத்தது. அந்தத் தொடர் 2014-க்குப் பிறகு நிறுத்தப்பட்டுவிட்டது. ஏணி இப்போது இல்லை.

இதுவரை இந்தியா எத்தனை முறை?

மொத்தம் 5 முறை. 1964, 1984, 2011, 2019, 2023. இதில் 1964-ல் பிரிவிலிருந்த மற்ற அணிகள் விலகியதால், தகுதிச்சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலேயே இந்தியா நுழைந்தது. நான்கே அணிகள் ஆடிய அந்தத் தொடரில் இரண்டாம் இடமும் பிடித்தது.

அதே விதி, பெண்கள் அணி சாதித்தது

"ஒருவருக்கு மட்டும்" என்ற விதியே கொடுமை என்று சொல்லிவிட முடியாது. 2026 மகளிர் ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்றிலும் பிரிவில் முதலிடத்துக்கு மட்டுமே இடம். தாய்லாந்தின் சியாங் மாயில், சொந்த மண்ணில் ஆடிய தாய்லாந்து இந்தியாவைவிடத் தரவரிசையில் மேலே. ஆனால் இந்தியப் பெண்கள் மங்கோலியாவை 13-0, தைமூர்-லெஸ்தேவை 4-0, ஈராக்கை 5-0 என வென்று வந்தார்கள்.

2025 ஜூலை 5-ல் கடைசி ஆட்டம். புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் இரு அணிகளும் சமம். சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் அடித்தார். 2-1. தகுதிச்சுற்று ஆடி இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை.

நான்கு ஆட்டம், நான்கு வெற்றி, ஒரு டிராகூட இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

இதனால் என்ன நஷ்டம்?

2023 ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என மூன்று ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. "போனாலும் தோற்கத்தானே போறாங்க" என்று நினைக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட அணிகளோடு மோத வேறு வாய்ப்பே குறைவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2023-ல் முதல் 100-க்குள் இருந்த இந்தியாவின் தரவரிசை, 2025 நவம்பரில் 142-க்கு இறங்கியது. தரவரிசை இறங்க இறங்க, அடுத்த தகுதிச்சுற்றில் பிரிவு பிரிக்கும்போது பலமான அணிகளோடு மாட்ட வேண்டியிருக்கும்.

அதற்கு அடுத்த ஆசியக் கோப்பை வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அங்கே ஆடப்போகிறவர்கள் பலர் இன்று பள்ளி மைதானங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் பாலவனத்தம் கணக்குதான்: தோற்காமல் இருப்பது வேறு, ஜெயிப்பது வேறு.