பசியின் கணக்கு – 9: பத்தரை மணி டிபன்

எடை கூடிவிட்டது என்று மருத்துவரிடமோ உணவு ஆலோசகரிடமோ போகும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, “காலையில டிபன் சாப்பிடுறீங்களாம்மா?” என்பது. “எங்க டாக்டர், எல்லாரையும் அனுப்பிட்டு நான் உட்கார்றதுக்குப் பத்தரை ஆயிடுது” என்று பதில் வந்த உடனே, “அதான் வெயிட் போடுது” என்று தீர்ப்பாகிவிடுகிறது. காலையில் சாப்பிடாவிட்டால் மதியம் இரண்டு மடங்கு சாப்பிடுவோம், உடம்பு பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்துக் கொழுப்பைப் பதுக்கும், வளர்சிதை மாற்றம் படுத்துவிடும் என்று காரணங்களும் சொல்லப்படுகின்றன. ஏற்கெனவே விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து நான்கு பேருக்கு டிபனும் டப்பாவும் கட்டியவள், தன் எடைக்கும் தானே குற்றவாளி என்ற நினைப்போடு வீடு திரும்புகிறாள்.

இந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் எவ்வளவு? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். நிறையப் பேரை வீணாக வருத்திய தீர்ப்பு என்பதால் கொஞ்சம் பொறுமையாகவே பார்க்க வேண்டும்.

காலை உணவு எடையைக் குறைக்கும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. 1994-ல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் ‘தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு’ ஒன்றைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ எடையைக் குறைத்து, அதை ஓராண்டுக்கு மேல் ஏறவிடாமல் வைத்திருப்பவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். 2002-ல் அவர்களில் ஏறக்குறைய 3,000 பேரின் பழக்கங்களைப் பார்த்தபோது, 78 சதவீதம் பேர் தினமும் காலை உணவு சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்தது. இந்த 78 உலகம் முழுக்கச் சுற்றியது.

அந்தப் பதிவேட்டில் இருந்தவர்கள் எல்லோருமே எடை குறைப்பில் ஜெயித்தவர்கள். தினமும் ஒழுங்காகக் காலை உணவு சாப்பிட்டும் எடை குறையாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது அதில் இல்லை, இருக்கவும் முடியாது. மற்ற பெரிய கணக்கெடுப்புகளில், காலை உணவைத் தவிர்ப்பவர்களின் எடை அதிகமாக இருப்பது உண்மைதான். ஆனால் அவர்களிடையே புகைப்பவர்கள் அதிகம், இரவு வெகுநேரம் விழித்திருப்பவர்கள் அதிகம், உடற்பயிற்சி குறைவு. இன்னொன்றும் உண்டு. எடை ஏறிய பிறகு, அதைக் குறைக்கத்தான் பலர் காலை உணவையே நிறுத்துகிறார்கள். எது காரணம், எது விளைவு என்று கணக்கெடுப்பு சொல்லாது. 2013-ல் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரௌன், டேவிட் அலிசன் முதலியோர் இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கிடைத்த சான்றைத் தாண்டிய நம்பிக்கை ஆய்வாளர்களையே பிடித்திருக்கிறது, தொடர்பு மட்டுமே தெரிந்த இடத்தில் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள் என்று அதில் காட்டினார்கள்.

இதைத் தீர்க்க ஒரே வழி, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரைச் சாப்பிடச் சொல்லி, மறு சாராரைத் தவிர்க்கச் சொல்லிப் பார்ப்பதுதான். அப்படி நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பெட்ஸ் குழு செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு. ஒல்லியான, நல்ல உடல்நிலை உள்ள 33 பேர், ஆறு வாரம். ஒரு சாரார் காலை 11 மணிக்குள் குறைந்தது 700 கலோரி சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு நண்பகல் வரை தண்ணீர் மட்டும். அதற்கு மேல் நாள் முழுக்க அவரவர் விருப்பம். அவர்கள் எவ்வளவு அசைந்தார்கள் என்பதையும் கருவி பொருத்தி அளந்தார்கள்.

ஆறு வாரம் கழித்து, ஓய்வாக இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. காலை உணவுதான் வளர்சிதை மாற்றத்தைத் தட்டி எழுப்புகிறது என்ற பேச்சு இங்கேயே விழுந்தது. எடையிலும் வேறுபாடில்லை. சாப்பிட்டவர்கள் ஒரு நாளைக்கு 500 கலோரிக்கும் மேல் அதிகமாகவே உண்டார்கள். தவிர்த்தவர்கள் விட்டதை மதியத்தில் முழுவதுமாகப் பிடித்துவிடவில்லை. பிறகு ஏன் சாப்பிட்டவர்களுக்கு எடை ஏறவில்லை? அவர்கள் அதிகம் அசைந்தார்கள். நடப்பது, நிற்பது, ஏதாவது வேலை செய்வது என்று அசைவிலேயே ஒரு நாளைக்குச் சுமார் 440 கலோரி கூடுதலாகச் செலவானது. அதிலும் காலை நேரத்துச் சின்னச் சின்ன அசைவுகள்தான் அதிகம். சாப்பிடாதவர்கள் தங்களை அறியாமலே கொஞ்சம் ஒடுங்கிவிட்டார்கள். பசியைப் பற்றிப் பேசும்போது நாம் தட்டை மட்டுமே பார்க்கிறோம்; உடல் தன் பாட்டுக்குக் கைகாலின் அசைவிலும் வரவுசெலவு பார்க்கிறது. உடல் பருமன் உள்ளவர்களிடம் இதே சோதனையைச் செய்து 2016-ல் வெளியிட்டபோதும் எடையில் வேறுபாடு தெரியவில்லை.

மதியம் இரண்டு மடங்கு சாப்பிடுவோம் என்பதற்கு நேரான விடை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் லெவிட்ஸ்கி 2013-ல் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது. விரும்பிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது மாணவர்கள் காலையில் சராசரியாக 624 கலோரி உண்டார்கள். அதைத் தவிர்த்த நாளில் மதியத்தில் கூடுதலாக உண்டது 144 கலோரி மட்டுமே. அன்றைய நாள் முடிவில் 408 கலோரி குறைவாகவே இருந்தது. அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் ஓர் ஓட்ஸ் நிறுவனம் பணம் கொடுத்து நடந்த ஆய்வில், எடை அதிகமுள்ள 36 பேரை மூன்றாகப் பிரித்து, ஓட்ஸ் கஞ்சி, சர்க்கரை பூசிய கார்ன்ஃபிளேக்ஸ், வெறும் தண்ணீர் என நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது தண்ணீர்க்காரர்களுக்கு மட்டும்தான், ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். ஆனால் அவர்களுக்குக் கொழுப்பின் அளவு, அதாவது ரத்தத்தில் கொலஸ்ட்ரால், கூடியது. முடிவை அப்படியே வெளியிட்டதற்காக அந்த ஆய்வாளர்களை மதிக்கிறேன்.

2019-ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு இப்படிப்பட்ட 13 சோதனைகளைச் சேர்த்து எடை போட்டது. காலை உணவு சாப்பிட்டவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாக உண்டார்கள். தவிர்த்தவர்களின் எடை 0.44 கிலோ குறைவாக இருந்தது. சேர்க்கப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை என்று அந்தக் குழுவே எச்சரித்திருக்கிறது. ஆகவே ‘டிபனை நிறுத்தினால் இளைக்கலாம்’ என்று இதைத் திருப்பிப் பிடித்துக்கொள்வதற்கில்லை. யூடியூப் பார்த்துவிட்டுப் பதினாறு மணி நேரம் பட்டினி கிடப்பவர்கள் இப்போது நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 116 பேரிடம் இதைச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். நண்பகலிலிருந்து இரவு எட்டு வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும், மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் 12 வாரத்தில் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை.

அப்படியானால் எடையைப் பொறுத்தவரை பத்தரை மணிப் பெண் செய்தது குற்றமே இல்லை. இதை அழுத்தியே சொல்ல விரும்புகிறேன்.

பசியின் கதை வேறு. கிரெலின் என்ற பசி ஹார்மோனைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அது வயிறு காலியானால் மட்டும் ஏறுவதில்லை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போதும் ஏறுகிறது. கறவை நேரம் வந்ததும் கன்று கத்துவதைப் போல. எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்கு எட்டு மணிக்குக் கண் இருட்டும். பதினொரு மணிக்குப் பழகியவர் எட்டு மணிக்கு ஒன்றும் தெரியாமல் வேலை பார்ப்பார். இதில் மன உறுதி, பலவீனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்டனில் ஃபிராங்க் ஷியர் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வெளிச்சம், தூக்கம், உணவு நேரம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தி, உடலின் உள் கடிகாரத்தை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, பசி மிகக் குறைவாக இருப்பது காலை எட்டு மணி வாக்கில். உச்சத்துக்குப் போவது இரவு எட்டு மணி வாக்கில். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தும் காலையில் பலருக்குப் பசிக்காததற்கும், இரவு சீரியல் பார்க்கும்போது கை தானாக முறுக்கு டப்பாவுக்குப் போவதற்கும் இது ஒரு காரணம்.

காலையில் கூடுதலாகவும் இரவில் குறைவாகவும் சாப்பிட்டால் அந்த இரவுப் பசி அடங்குமா? ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இதைச் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். 30 பேருக்கு எல்லா உணவையும் அளந்து கொடுத்து, நான்கு வாரம் காலையில் அதிகமாகவும், நான்கு வாரம் இரவில் அதிகமாகவும் உண்ண வைத்தார்கள். இரண்டு முறையிலும் எடை ஒரே அளவில், மூன்று கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. ஆனால் காலையில் அதிகம் உண்ட வாரங்களில் நாள் முழுவதும் பசி குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். உணவைக் குறைத்து எடை இறக்க முயல்கிறவருக்கு இது பெரிய உதவி. பசி குறைவாக இருந்தால்தான் குறைத்ததைத் தொடர முடியும்.

பசி அடங்குவதில் தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கும் பங்கு உண்டு. மிசூரி பல்கலைக்கழகத்தில் ஹெதர் லைடி, காலை உணவைத் தவிர்க்கும் பழக்கமுள்ள, எடை அதிகமுள்ள 20 இளம்பெண்களுக்கு 35 கிராம் புரதம் உள்ள காலை உணவைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கு இரவு நேர நொறுக்குத் தீனி குறைந்தது. அதே கலோரியில் சாதாரண தானிய உணவு கொடுத்தபோது அந்த அளவு பலன் இல்லை. இப்போது நம் தட்டைப் பார்ப்போம். நான்கு இட்லியில் புரதம் சுமார் 8 கிராம். பருப்பு தேடித் துழாவ வேண்டிய சாம்பார் ஒரு கரண்டி, தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி. தோசை, ரவா உப்புமா, சேமியா, பூரி என்று எதை எடுத்தாலும் நிலைமை இதுதான். இந்தியா முழுவதும் நடந்த ஐசிஎம்ஆர் – இந்தியாப் (ICMR–INDIAB) ஆய்வின்படி நம் மக்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. எட்டு மணிக்குச் சாப்பிட்ட பொங்கல் பதினொரு மணிக்குள் கரைந்து, டீயும் வடையும் கேட்க வைப்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான்.

இதற்கு வெளிநாட்டுப் பொடி எதையும் டப்பாவில் வாங்க வேண்டாம். கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் தாராளமாகப் போட்டு அரைத்த அடை, பாசிப்பயறு தோசை, சுண்டல், கெட்டித் தயிர் ஆகியவை நம் சமையலறையிலேயே இருப்பவை. அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். இரண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டு இரண்டு முட்டை சேர்த்தால் கணக்கு மாறிவிடும். முட்டை சாப்பிடாத வீடுகளில் ஒரு கிண்ணம் சுண்டல்.

பத்தரை மணிக்கு உட்காரும் பெண்ணிடம் கேட்கத் தோன்றும் கேள்விகளும் வேறு. அதற்குள் எத்தனை காபி குடித்தீர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்பூன் சர்க்கரை? பிள்ளைகள் மீதம் வைத்த தோசையை, வீணாகிறதே என்று நின்றுகொண்டே எத்தனை முறை வாயில் போட்டீர்கள்? கணவர் வந்த பிறகுதான் என்று இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்குப் போகிறது? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் அவளுக்கு மட்டும் உரியவையும் அல்ல. சமையலை ஒரே ஆள் தலையில் போட்டிருக்கும் வீட்டில், ‘நேரத்துக்குச் சாப்பிடும்மா’ என்ற அறிவுரையைச் சொல்ல வேண்டியது மற்ற மூன்று பேரிடம்.

டிபனைத் தவிர்ப்பது ஆபத்தாக முடியும் சிலர் இருக்கிறார்கள். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைக் காலையில் விழுங்குகிறவர்கள் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கி விழக்கூடும். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கு சொல்லும்போது, இது சின்ன விஷயமல்ல. சர்க்கரை நோயாளிகள் காலை உணவைத் தவிர்த்த நாளில், அதே மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும்கூட ரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகமாக ஏறுகிறது என்பதும் டேனியலா ஜக்குபோவிச் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வில் தெரிந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கட்டுரையின் எடைக் கணக்குகள் பொருந்தாது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம், வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளையின் பசிக்காக வந்தது. பெரியவர்களின் இடுப்பளவைப் பற்றிய விவாதத்தை அங்கே கொண்டுபோகவே கூடாது. உணவு நேரத்தை மாற்ற நினைக்கும் சர்க்கரை நோயாளிகள் முதலில் மருத்துவரிடம் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு எட்டு மணிப் பசியை இங்கே தொட்டுவிட்டு மட்டும் வந்திருக்கிறேன். இரவுச் சாப்பாடு தள்ளிப்போகும்போது ரத்தச் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் என்ன நேர்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.