இலவசமாகக் கோப்பு வைக்க எந்தத் தளம்? தாராசுரத்துச் சந்தேகங்கள்

தாராசுரத்தில் பட்டுத் தறி போட்டிருப்பவர்களுக்கும் இன்று கோப்பு அனுப்பும் வேலை வந்துவிட்டது. முந்தானையும் பார்டரும் கணினியில் வரையப்பட்டு, ஜக்கார்டு அட்டை குத்தும் இடத்துக்குப் போகின்றன.

சந்தேகம்: டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

விளக்கம்: படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். கட்டத்துக்குக் கட்டம் துல்லியம் வேண்டிய டிசைனில் ஓரங்கள் கலங்கிப்போகும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். ஆனால் ஆறு மாதம் கழித்து அதே சேலைக்கு ஆர்டர் வந்தால், பொங்கல் வாழ்த்துகளுக்கு நடுவே அதைத் துழாவ வேண்டியிருக்கும்.

சந்தேகம்: எதில் இடம் அதிகம்?

விளக்கம்: மெகா 20 ஜிபி, கூகுள் டிரைவ் 15, மீடியாஃபயர் 10, ஒன்டிரைவ் 5, டிராப்பாக்ஸ் 2. கூகுளின் 15-இல் ஜிமெயிலும் அடக்கம். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் போட்டோக்களும் அடக்கம். நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுவிடும். டிசைன் கோப்புகளுக்கு 2 ஜிபியே தாராளம். கல்யாண வீடியோ எடுப்பவருக்கோ 20 ஜிபி ஒரு முகூர்த்தத்துக்கே பத்தாது.

சந்தேகம்: லிங்க் கொடுத்தால் டிசைன் அடுத்தவர் தறிக்குப் போய்விடாதா?

விளக்கம்: போகும். ‘லிங்க் உள்ள எவரும்’ என்று விட்டால், கை மாறும் ஒவ்வொரு ஃபார்வர்டும் ஒரு சாவிதான். கூகுள் டிரைவில் குறிப்பிட்ட மெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி தரலாம். வேலை முடிந்ததும் அதை நீக்கலாம். அதற்குள் அவர் இறக்கிக்கொண்டதைத் திரும்ப வாங்க வழியில்லை. ஆகவே கடைக்காரருக்குச் சிறிய மாதிரிப் படம் மட்டும் காட்டுங்கள். முழுக் கோப்பு, அட்டை குத்துபவருக்கு மட்டும்.

சந்தேகம்: ஏற்றி வைத்தது அங்கேயே இருக்குமா?

விளக்கம்: அப்படி நம்பித்தான் பலர் மெகாஅப்லோடு என்ற கோப்புத் தளத்தில் சொந்தக் கோப்புகளை வைத்தார்கள். 2012 ஜனவரியில், காப்புரிமை மீறல் வழக்கில் அமெரிக்க அரசு அதை முடக்கியபோது, தவறு செய்யாதவர்களின் கோப்புகளும் சேர்ந்தே போயின. ராபிட்ஷேர் என்ற இன்னொரு தளம் 2015 மார்ச்சில் கடையைக் கட்டியது. கோப்பு அனுப்பும் தளமான வீடிரான்ஸ்ஃபரை முடக்கும்படி 2020 மே மாதம் நம் தொலைத்தொடர்புத் துறையே உத்தரவிட்டது. இரண்டு ஆண்டு தொடாத கணக்கைக் கூகுளும் நீக்கலாம். வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி இல்லாமல் எதையும் மேலே ஏற்றாதீர்கள்.

சந்தேகம்: மகளின் சான்றிதழ்களை எங்கே வைப்பது?

விளக்கம்: 2015-இல் வந்த மத்திய அரசின் டிஜிலாக்கரில். வாரியமோ அலுவலகமோ நேரடியாக அதில் வழங்கும் சான்றிதழ் அசலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. அது வெறும் நகல். இதைப் பலர் கவுன்டரில் நின்ற பிறகுதான் அறிகிறார்கள்.

சந்தேகம்: நம்மூர் ஐராவதேசுவரர் கோயிலில் நான் எடுத்த படங்களை எல்லோரும் பார்க்க வேண்டும்.

விளக்கம்: விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள், கட்டணமில்லை. ஆனால் எவரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று சம்மதித்தால்தான் ஏற்பார்கள். அப்புறம் உங்கள் படம் யாரோ ஒருவரின் காலண்டரில் வந்தால், படத்தடியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காசு கேட்க முடியாது.